மைனஸ் இருபது

விதி இதுதான்: தொடர்ந்து இரண்டு வருஷம் கோப்பை வாங்கிய பள்ளி, மூன்றாவது வருஷம் மைனஸ் இருபதிலிருந்து தொடங்க வேண்டும். நூறு புள்ளிக்கு நடக்கும் போட்டி. மற்ற எல்லாரும் பூஜ்யத்தில் நிற்பார்கள், சாம்பியன் மட்டும் பள்ளத்தில். "எப்பப் பாத்தாலும் அவங்களே வாங்கிட்டுப் போனா மத்தவங்க எதுக்கு சார் வரணும்?" என்று கேட்டார் குழுவில் ஒருவர். கேள்வியில் தப்பே இல்லை. இந்த மூன்று வருஷமாக நானும் அதே கேள்வியைத்தான் வேறு வேறு பக்கத்திலிருந்து சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருக்கிறேன்.

புதுச்சேரியில் பள்ளிப் பிள்ளைகளுக்கு நடக்கும் ஒரு சின்ன ரோபோ போட்டி. பெயர் வேண்டாம். எட்டடிக்கு நாலடி மேட். அதில் கறுப்புக் கோடு. ரோபோ அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டும், வழியில் இருக்கும் மரக்கட்டைகளை நிறம் பார்த்து எடுத்து அதற்கான கட்டத்தில் வைக்க வேண்டும். இரண்டரை நிமிஷம். பதினான்கு பள்ளிகள் வரும். நான் பகலில் சேதராப்பட்டில் கண்ட்ரோல் பேனல் வேலை பார்க்கிறவன். சாயந்திரம் அரியாங்குப்பத்தில் எங்கள் வீட்டு மாடியில் ஒரு அரசுப் பள்ளியின் ஆறு பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித் தருகிறேன். அந்தத் தகுதியில் போட்டிக் குழுவில் எனக்கும் ஒரு நாற்காலி போட்டார்கள். அந்த மைனஸ் விதியே என் பிள்ளைகளுக்காகத்தான் வருகிறது என்று குழுவில் எல்லாரும் நம்பினார்கள். நான் எதிர்த்துக் கை தூக்கியதும் பக்கத்தில் இருந்தவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, பந்தியில் உட்காரவைத்து இலை போட்ட பிறகு எழுந்து போகிறவனைப் பார்க்கிற மாதிரி இருந்தது. ஐந்துக்கு நான்கு என்று விதி நிறைவேறியது.

முதலில் அந்தப் பணக்காரப் பள்ளியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவர்களை வில்லனாக்குவது சுலபம், ஆனால் சரியாக இருக்காது. அவர்களிடம் லெகோ கிட் நான்கு இருந்தது. ஒரு கிட் 30,000 ரூபாய்க்குக் குறைந்து வராது. முழுநேர ரோபோ வாத்தியார் ஒருவர். போட்டி மேட்டின் அளவில் சுற்றி மரச்சட்டம் அடித்த மேஜை ஒன்று, அதன்மேல் போன வருஷ மேட், அதன் மேலே ட்யூப் லைட். முன்னாடி வருஷப் பிள்ளைகள் எழுதிய கோட் எல்லாம் ஒரு கம்ப்யூட்டரில் வருஷவாரியாக இருக்கும். புதிதாக அணியில் சேர்கிற எட்டாவது படிக்கும் பையன் அதைத் திறந்து படித்தாலே பாதி தூரம் வந்துவிடுவான். அந்தப் பிள்ளைகள் உழைக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. லீவு நாளில்கூட வந்து உட்காருகிறவர்கள்.

எங்கள் மாடியில் தகரக் கொட்டகை. ஆர்டுயினோவின் நகல் போர்டு ஒன்று, மோட்டார் டிரைவர், மஞ்சள் நிற பிளாஸ்டிக் கியர் மோட்டார் இரண்டு, கட்டையைப் பிடிக்க ஒரு சர்வோ, ஒரு கலர் சென்சார். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் நின்று பேரம் பேசி வாங்கினால் எல்லாம் சேர்த்து 2,500 ரூபாய்க்குள் வந்துவிடும். தரையில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி அதுதான் டிராக். ஆறு மணிக்கு முன்னால் ரோபோ ஓடாது. சோம்பேறித்தனம் இல்லை, சூரியன்தான் காரணம். கோட்டைப் பார்க்கிற ஐஆர் சென்சார் அகச்சிவப்பு ஒளியை அனுப்பி, திரும்பி வருவதை அளக்கும். சாயந்திர வெயிலிலும் அகச்சிவப்பு நிறைய இருப்பதால் சென்சாருக்குக் கண் கூசிவிடும். அதனால் அரியாங்குப்பம் ஆற்றுப் பக்கம் வெளிச்சம் மங்குகிறவரை நாங்கள் சும்மா அரட்டை அடித்துக்கொண்டிருப்போம். வீராம்பட்டினத்திலிருந்து சைக்கிளில் வரும் பெண் ஒருத்தி அந்த நேரத்தில் வீட்டுப்பாடத்தை முடித்துவிடுவாள். ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள் அப்போது. அணிக்கு அவள்தான் கேப்டன்.

போட்டி நாளில் எங்களைத் தோற்கடித்தது அந்தப் பணக்காரப் பள்ளி இல்லை. மேட்டின் பளபளப்பு. சிமெண்ட் தரைக்கும் கறுப்பு டேப்புக்கும் நடுவே எங்கள் சென்சார் காட்டும் எண் ஒன்று. பளபளக்கிற ஃப்ளெக்ஸ் பேனரில் மண்டப விளக்கு பட்டு எதிரொளிக்கும்போது வரும் எண் முற்றிலும் வேறு. இரண்டு மாசம் தடவித் தடவிச் சரிசெய்த அளவு அங்கே போய் வைத்ததும் பொய்யாகிவிட்டது. ரோபோ கோட்டை விட்டுவிட்டு நேராக நடுவர் காலடிக்குப் போனது. பழக்கத்துக்குக் கொடுத்த பத்து நிமிஷத்தில் அந்தப் பெண் எண்ணை மாற்றி மாற்றிப் போட்டு எப்படியோ 31 புள்ளி எடுத்தாள். பதினான்கு பள்ளிகளில் பதினோராவது இடம்.

மைனஸ் இருபது அமலுக்கு வந்த முதல் வருஷம் அது. சாம்பியன் பள்ளி எடுத்தது 94. இருபது போனால் 74. இரண்டாவது வந்த பள்ளி 71. ஆக, கோப்பை மறுபடியும் அவர்களுக்கே. மறுவாரமே 'மைனஸிலும் முதலிடம்' என்று பள்ளி வாசலில் பேனர். தண்டனை என்று நினைத்துக் கொடுத்ததைப் பதக்கமாக மாட்டிக்கொண்டார்கள். நான் சிரித்துவிட்டேன். கெட்டிக்காரர்கள்.

திரும்பி வரும்போது கடலூர் ரோடு பஸ்ஸில் கூட்டம். ரோபோவை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பெண் கேட்டாள்: "அண்ணா, அவங்களுக்கு இருபது கொறச்சதுல நமக்கு இன்னா வந்துச்சு?"

ஒண்ணும் வரவில்லை. இருபது என்ன, நாற்பது குறைத்திருந்தாலும் 31 என்பது 31தான். முதல் இடத்தைக் கீழே இழுத்தால் அந்த இடத்துக்கு வரப்போவது இரண்டாவது பள்ளி. இரண்டாவது வந்த பள்ளியிலும் லெகோ கிட் இரண்டு இருந்தது, ஏசி லேப் இருந்தது. மேலே இருக்கிறவரைத் தட்டி வைக்கிற விதிகள் பெரும்பாலும் இப்படித்தான் வேலை செய்கின்றன. மாடியில் இருக்கிறவருக்கும் அதற்குக் கீழ் மாடியில் இருக்கிறவருக்கும் நடக்கும் சண்டையில் அது ஒரு தீர்ப்பு. தரையில் நிற்கிறவருக்கு அந்தச் சண்டையின் சத்தம் மட்டும் கேட்கும்.

குழுக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது, வயதில் மூத்த உறுப்பினர் ஒருவர் நல்ல மறுப்பு ஒன்றை வைத்தார். "அரசுப் பள்ளிப் பிள்ளைங்களுக்கு எம்பிபிஎஸ்ல பத்து சதவீதம் தனியா குடுத்தப்போ நீங்க சந்தோஷப்பட்டீங்கதானே? இதுவும் அதே நியாயம்தான் தம்பி." 2020-ல் தமிழ்நாடு 7.5 சதவீதம் கொண்டுவந்தது, 2023-ல் புதுச்சேரி 10 சதவீதம் கொண்டுவந்தது. நான் சந்தோஷப்பட்டேன்தான். என் தெருவிலேயே அதில் சந்தோஷப்பட்ட வீடுகள் உண்டு. ஆனால் இரண்டும் ஒன்றில்லை. அந்த ஒதுக்கீட்டில் தனியார் பள்ளிப் பிள்ளையின் நீட் மார்க்கை யாரும் வெட்டவில்லை. 600 எடுத்தவன் 600 எடுத்தவன்தான். இல்லாதவர் எந்தப் பள்ளியிலிருந்து வருகிறார் என்று பார்த்து அவருக்கு ஒரு வாசல் திறக்கிறது அந்த விதி. மைனஸ் இருபது யார் ஜெயித்தார் என்று மட்டும்தான் பார்க்கிறது. எதை வைத்துக்கொண்டு ஜெயித்தார் என்று பார்க்கவே இல்லை. நாளைக்கு எங்கள் தகரக் கொட்டகைப் பிள்ளைகள் இரண்டு வருஷம் தொடர்ந்து ஜெயித்தாலும் அதே மைனஸ்தான்.

இன்னொரு விஷயம். பள்ளிதான் மூன்று வருஷம் ஜெயித்தது. பிள்ளைகள் இல்லை. வருஷா வருஷம் பத்தாவதுக்குப் போகிறவர்கள் அணியை விட்டு விலகிவிடுவார்கள், கீழ் வகுப்பிலிருந்து புதியவர்கள் வருவார்கள். அந்த வருஷம் மைனஸில் தொடங்கிய நான்கு பேரில் மூன்று பேர் அதற்கு முன் எந்தப் போட்டிக்கும் வந்ததே இல்லை. அண்ணன்கள் வாங்கிய கோப்பைக்குத் தம்பிகள் வட்டி கட்டினார்கள். ஆனால் நேர்மையாகச் சொன்னால் அந்தத் தம்பிகள் அண்ணன்களின் கோட்டையும் மேஜையையும் சொத்தாக வாங்கிக்கொண்டுதானே வந்தார்கள்? அதையும் மறைக்க முடியாது. எது அவர்கள் உழைப்பு, எது பரம்பரை என்று பிரிக்கப் போனால் ராத்திரி தூக்கம் வராது. எனக்கு வரவில்லை. அப்போதுதான் உலகத்தில் மற்றவர்கள் இதை எப்படிச் சமாளித்தார்கள் என்று தேட ஆரம்பித்தேன்.

பழைய ஊர் கிண்டி. குதிரைப் பந்தயத்தில் நன்றாக ஓடுகிற குதிரைக்கு ஈயக்கட்டி வைத்து எடை ஏற்றுவார்கள். எல்லாக் குதிரையும் ஒன்றாக வந்து முட்ட வேண்டும், அப்போதுதான் பணம் கட்டுகிறவனுக்குச் சுவாரசியம். அங்கே நியாயம் என்பது பார்க்கிறவனுக்கானது, ஓடுகிற குதிரையை யாரும் கேட்பதில்லை. மைனஸ் இருபதும் இந்த ஈயக்கட்டிப் பரம்பரைதான் என்று தோன்றியது. ஸ்பான்சர் தரப்பிலிருந்து வந்தவர் கூட்டத்தில் வாயைத் திறந்து சொன்ன ஒரே வார்த்தை 'எக்ஸைட்மெண்ட்'.

ஃபார்முலா ஒன் வேறு வழியில் போனது. அங்கே ஜெயித்த அணியின் புள்ளியைத் தொடுவதில்லை, பந்தயத்தில் பின்னால் நிறுத்துவதுமில்லை. காரின் மேல் காற்று எப்படிப் பாய்கிறது என்று சோதிக்கும் விண்ட் டனல் நேரத்தைக் குறைக்கிறார்கள். 2022-லிருந்து முதல் இடம் வந்த அணிக்கு 70 சதவீதம், அடுத்ததுக்கு 75, அப்படியே ஏறி பத்தாவது அணிக்கு 115 சதவீதம். ஜெயித்தவன் ஜெயித்தவனாகவே இருக்கலாம், ஆனால் அடுத்த வருஷம் பயிற்சி மேஜையில் அவனுக்கு நேரம் கொஞ்சம் கம்மி. கடைசியில் நிற்கிறவனுக்கு அதிகம். இதைப் படித்த ராத்திரி மரச்சட்டம் போட்ட அந்த மேஜைதான் எனக்கு ஞாபகம் வந்தது.

ஆனால் மாணவர் ரோபோ போட்டிகளின் கதைதான் ருசியான கதை. அமெரிக்காவில் டீன் கேமன் என்ற கண்டுபிடிப்பாளர் 1989-ல் 'ஃபர்ஸ்ட்' என்ற அமைப்பைத் தொடங்கினார். 1992-ல் முதல் போட்டி, நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு பள்ளியின் உள்விளையாட்டரங்கில், 28 அணிகள். இன்றைக்கு ஆயிரக்கணக்கான அணிகள். நாசா பொறியாளர்கள் கூட நின்று கற்றுத்தரும் அணிகளும் உண்டு, ஒரே ஒரு வாத்தியாரை நம்பி வரும் கிராமப் பள்ளிகளும் உண்டு. இந்த இரண்டையும் ஒரே களத்தில் நிறுத்தி இரண்டு தரப்பும் சந்தோஷமாக வீட்டுக்குப் போக வேண்டும் என்பதற்காக அவர்கள் போட்டுப் பார்க்காத விதியே இல்லை.

ஒன்று, ஆறு வார விதி. ஜனவரியில் அந்த வருஷ ஆட்டத்தை அறிவிப்பார்கள். ஆறு வாரத்தில் ரோபோவைக் கட்டி, பையில் போட்டு, நம்பர் போட்ட சீல் வைத்துவிட வேண்டும். போட்டிக்குப் போகும்வரை தொடக் கூடாது. எல்லாருக்கும் சம நேரம், எவ்வளவு நியாயமாகத் தெரிகிறது! வசதியான அணிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? அதே மாதிரி இரண்டாவது ரோபோ ஒன்று கட்டி, பைக்குள் போகாமல் வெளியே வைத்துக்கொண்டு தினமும் ஓட்டிப் பழகினார்கள். ஒரு ரோபோவுக்கே காசு புரட்ட முடியாத அணி, சீல் வைத்த பையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஏழையைக் காப்பாற்ற வந்த விதி ஏழையின் கையை மட்டும் கட்டிப்போட்டது. 2020 சீசனிலிருந்து அந்தப் பையை எடுத்துவிட்டார்கள்.

இன்னொன்று 2010-ல். 'பிரேக்அவே' என்று கால்பந்து மாதிரி ஓர் ஆட்டம், மூன்று ரோபோவுக்கு எதிராக மூன்று ரோபோ. தகுதிச் சுற்றில் ஜெயித்த தரப்புக்குத் தன் புள்ளியோடு தோற்ற தரப்பு எடுத்த புள்ளியின் இரண்டு மடங்கும் சேரும். எதிராளியை நசுக்காதே, அவனும் கோல் போட்டால் உனக்குத்தான் லாபம் என்று பொருள். தோற்ற தரப்புக்கு ஜெயித்த தரப்பின் புள்ளி கிடைக்கும். நல்ல எண்ணம்தான். ஆனால் கணக்குப் போட்ட பிள்ளைகள் சீக்கிரமே ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். தோற்கப் போகிறோம் என்று தெரிந்தால் எதற்குத் தடுக்க வேண்டும்? எதிராளியோடு சேர்ந்து அவன் பக்கமே கோல் போட்டால் நமக்கும் அதே புள்ளி வரும். ஆறு ரோபோவும் பேசிவைத்துக்கொண்டு ஒரே கோலில் பந்தைத் தள்ளிய ஆட்டங்கள் நடந்தன. பார்க்க வந்த பெற்றோர்கள் பாவம், யாருக்குக் கை தட்டுவது என்றே தெரிந்திருக்காது.

எனக்குப் பிடித்த விதி அணி சேர்க்கும் விதி. தகுதிச் சுற்று முடிந்ததும் முதல் எட்டு இடத்தில் இருப்பவர்கள் தலைவர்கள். கூட்டாளிகளை அவர்கள்தான் பொறுக்க வேண்டும். முதல் சுற்றில் ஒன்றிலிருந்து எட்டுவரை வரிசையாக, இரண்டாவது சுற்றில் தலைகீழாக எட்டிலிருந்து ஒன்றுவரை. முதலில் இருப்பவன் மிகச் சிறந்த கூட்டாளியை எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அடுத்த ஆளுக்குக் கடைசிவரை காத்திருக்க வேண்டும். நம் ஊரில் உத்தி பிரிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதுசில்லை. சமபலம் உள்ள இரண்டு பேர் ஜோடியாகத் தள்ளிப் போய் ஆளுக்கொரு ரகசியப் பெயர் வைத்துக்கொண்டு, தோளில் கை போட்டுத் தலைவர்களிடம் வந்து நிற்பார்கள். எந்தப் பெயர் யாருடையது என்று தெரியாமலே தலைவன் ஒன்றைக் கேட்க வேண்டும். நன்றாக ஓடுகிறவர்கள் இரண்டு பேரும் ஒரே கட்சிக்குப் போகவே முடியாது. எந்தக் குழு உட்கார்ந்து இந்த விதியை எழுதியது? ஓட்டெடுப்பு நடந்ததா? தெருவில் விளையாடிய பிள்ளைகளே செய்துகொண்டது. பாண்டிச்சேரியில் பெத்தாங் ஆடுகிறவர்களுக்கு 'மெலே' தெரிந்திருக்கும். அணியாகப் பெயர் கொடுக்கக் கூடாது, தனித்தனியாகக் கொடுத்து, சீட்டுக் குலுக்கி யார் யாரோடு என்று முடிவு செய்வது. இவற்றில் எதிலும் நேற்று ஜெயித்தவன் இன்றைக்குக் கடனோடு வருவதில்லை.

ஜெயிக்கிறவர்கள் எல்லாரும் காசுக்காரர்கள் என்றும் நினைக்க வேண்டாம். ஆசிய-பசிபிக் நாடுகளுக்கான ஏபியு ரோபோகான் 2002-ல் டோக்கியோவில் தொடங்கியது. கல்லூரி மாணவர்களுக்கானது. வருஷா வருஷம் நடத்துகிற நாடு புது ஆட்டம் ஒன்றைக் கொடுக்கும். 2022-ல் டெல்லியில் நடந்தபோது கொடுத்தது நம் ஏழுகல் ஆட்டமான லகோரி. ஆட்டம் புதிது என்றால் பழைய ரோபோ செல்லாது, எல்லாரும் ஒன்றாம் வகுப்பிலிருந்து தொடங்க வேண்டும் என்பது கணக்கு. அப்படியும் 2018-க்குள் வியட்நாம் ஏழு முறை ஜெயித்தது. ஜப்பானும் சீனாவும் கலந்துகொள்கிற போட்டி, ஞாபகம் இருக்கட்டும். 2014-ல் புணேயில் வந்து கோப்பையைத் தூக்கிப்போன வியட்நாம் அணி தலைநகர் ஹனோயின் பெரிய பல்கலைக்கழகம் இல்லை. பியென் ஹோவா என்ற தொழில் நகரத்தின் லாக் ஹாங் என்ற தனியார் பல்கலைக்கழகம். அவர்களுக்கு மைனஸ் போட்டிருந்தால் யாரைத் தண்டித்ததாக ஆகியிருக்கும்?

அடுத்த கூட்டத்துக்கு நான் இரண்டு கோரிக்கையோடு போனேன். மேட்டின் டிசைனைப் போட்டிக்கு ஏழு வாரம் முன்பே எல்லாப் பள்ளிக்கும் பிடிஎஃபாக அனுப்ப வேண்டும், எந்த மெட்டீரியலில் அச்சாகும் என்பதையும் சேர்த்து. அடுத்தது, சாம்பியன் பள்ளி போன வருஷ கோட்டை எல்லாரும் பார்க்கப் பொதுவில் வைக்க வேண்டும். முதலாவது ஒரு நிமிஷத்தில் நிறைவேறியது. யாரும் முன்பே கேட்கவில்லை, அவ்வளவுதானாம். இரண்டாவதுக்கு அந்தப் பள்ளியின் ரோபோ வாத்தியார் எழுந்து நின்றார். "சார், எங்க பசங்க ராத்திரி பகலா உக்காந்து எழுதுனது. எடுத்துக் குடுன்னு ரூல் போட்டீங்கன்னா அது மைனஸ் இருபதைவிட மோசம். அது பாயிண்ட், போனா போவுது. இது அவங்க மூளை." நான் பதில் சொல்லவில்லை. அமெரிக்காவில் பலமுறை உலக சாம்பியனான 254-ஆம் நம்பர் அணி தன் கோட்டையும் டிசைன் குறிப்புகளையும் ஊருக்கே திறந்து வைக்கிறது. நாசாவின் ஜான்சன் விண்வெளி மையத்தோடு சேர்ந்த 118-ஆம் அணி, சீசன் தொடங்கியதும் கம்மி செலவில் யார் வேண்டுமானாலும் கட்டக்கூடிய ரோபோ ஒன்றை வடிவமைத்து 'எவ்ரிபாட்' என்று இலவசமாகக் கொடுக்கிறது. ஆனால் அவர்களை எந்த விதியும் கட்டாயப்படுத்தவில்லை. அதைச் சொன்னால் அவர் வாதத்துக்குத்தான் பலம் சேரும்.

கூட்டம் முடிந்து டீக்கடையில் அவரே வந்தார். "ரூல் வேணாம் சார். சனிக்கிழமை மத்தியானம் லேப் திறந்துதான் இருக்கும். உங்க பசங்கள அனுப்புங்க, எங்க டேபிள்ல ஓட்டிப் பாக்கட்டும்."

போனோம். முதல் நாள் என் பிள்ளைகள் செருப்பை எங்கே விடுவது என்று தெரியாமல் வாசலிலேயே நின்றார்கள். மூன்றாவது சனிக்கிழமை அந்தப் பெண்ணும் அந்தப் பள்ளியின் எட்டாவது பையனும் ஒரே ஸ்கிரீன் முன்னால் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் ரோபோ காலையில் ஒரு மாதிரியும் மத்தியானம் ஒரு மாதிரியும் திரும்புவது ஏன் என்று இரண்டு மாசமாக எங்களுக்குப் புரியவில்லை. அவன் பார்த்ததும் சொன்னான்: "அக்கா, பேட்டரி வோல்டேஜ் எறங்கினா மோட்டார் ஸ்லோ ஆவும். நாங்க ஸ்டார்ட்லயே வோல்டேஜ அளந்து ஸ்பீட அதுக்கேத்த மாதிரி மாத்திப்போம்." நாலு வரி கோட். அதற்கு இவள் பதிலுக்கு, அவர்கள் ரோபோவின் பிடி மரக்கட்டையை விட்டுவிடுவதைப் பார்த்து, பழைய சைக்கிள் ட்யூபை வெட்டி விரலில் சுற்றச் சொன்னாள். எங்கள் மாடியில் கிட் கிடையாது என்பதால் வந்த அறிவு அது.

அந்த வருஷம் எங்கள் புள்ளி 58. ஐந்தாவது இடம். மேட்டை முன்பே அச்சடித்து விரித்துப் பழகியதுதான் பெரிய வித்தியாசம். பளபளப்பு இந்த முறை எங்களை ஏமாற்றவில்லை. கீழ்வரிசையில் இருந்த இன்னும் நான்கு பள்ளிகளும் ஏறியிருந்தன. முன்வருஷம் கோட்டைத் தாண்டவே தாண்டாத காரைக்கால் பக்கத்துப் பள்ளி ஒன்று முழுச் சுற்றையும் முடித்தது.

மேலே நடந்தது வேறு. சாம்பியன் பள்ளி 97. அந்தப் போட்டியில் நான் பார்த்ததிலேயே சுத்தமான ஓட்டம். மைனஸ் இருபது போக 77. இரண்டாவது பள்ளி 79. கோப்பை அவர்களுக்கு. மேடைக்குப் போன அந்தப் பிள்ளைகள் கோப்பையை ஒரு கையால் வாங்கி இன்னொருத்தன் கையில் தள்ளினார்கள், அவன் அடுத்தவன் கையில். போட்டோ எடுக்கும்போது ஒருத்தனும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஜெயித்த முகமே இல்லை அது. கீழே, இப்போது ஒன்பதாவதுக்கு வந்துவிட்ட அந்தப் பையன் ரோபோவைப் பிரித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தான். அழவில்லை. ஒவ்வொரு பீஸாக, நிறவாரியாக, ரொம்ப மெதுவாக வைத்தான். எங்கள் கேப்டன் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

இனிமேல்தான் வேடிக்கை. தொடர்ந்து இரண்டு வருஷம் ஜெயித்தால்தானே மைனஸ்? இப்போது அவர்கள் தோற்றாகிவிட்டது. கணக்கு அழிந்தது. இந்த வருஷம் அவர்கள் பூஜ்யத்திலிருந்து தொடங்குவார்கள். அதாவது இரண்டு வருஷம் ஜெயித்து ஒரு வருஷம் விட்டுக்கொடுத்தால் மைனஸே இல்லாமல் காலம் தள்ளலாம். 'அந்த ஸ்கூல் வேணும்னே ஒரு வருஷம் தோத்துடும் பாருங்க' என்று பெற்றோர்களுக்குள் இப்போதே பேச்சு. 97 எடுத்துத் தோற்ற பிள்ளைகளைப் பற்றி இப்படிப் பேச வைத்ததும் அந்த விதிதான். ஒரு விதி நியாயமா என்பதற்கு என்னிடம் இப்போது ஒரு சின்னச் சோதனை உண்டு. அதனால் லாபம் அடைந்தவர் மேடையில் நிமிர்ந்து நிற்கிறாரா என்று பார்ப்பேன். முழுச் சுற்று முடித்த காரைக்கால் பிள்ளைகள் நிமிர்ந்து நின்றார்கள், பரிசே இல்லாமல்.

அடுத்த மாசம் மறுபடியும் கூட்டம். மைனஸ் இருபதை எடுத்துவிடு என்று மட்டும் சொன்னால் இந்த முறையும் ஐந்துக்கு நான்குதான். அதனால் ஃபார்முலா ஒன் கணக்கை நம் ஊர் அளவுக்குச் சுருக்கி எழுதி வைத்திருக்கிறேன். போட்டிக்கு முந்தின நாள் மண்டபத்தில், உண்மையான மேட்டில், உண்மையான விளக்கில் பழக நேரம் கொடுக்க வேண்டும். போன வருஷம் கடைசியில் வந்த பள்ளிக்கு 40 நிமிஷம். மேலே போகப் போகக் குறைந்து முதல் பள்ளிக்கு 10. புள்ளியில் கை வைக்கக் கூடாது. சாம்பியன் பள்ளி வாத்தியாரிடம் காட்டினேன். பத்து நிமிஷம் போதும் என்றார், கொஞ்சம் யோசித்துவிட்டு, பதினைஞ்சு கேட்டுப் பாக்கட்டுமா என்றார். ஸ்பான்சர்காரர் மண்டபத்துக்கு ஒரு நாள் கூடுதல் வாடகை யார் தருவது என்பார். அதற்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை.

நேற்று இந்த வருஷ மேட்டின் பிடிஎஃப் வந்தது. பெண்டிரைவில் எடுத்துக்கொண்டு ஃப்ளெக்ஸ் கடைக்குப் போனோம், நானும் கேப்டனும். பிளஸ் ஒன் வந்துவிட்டாள், இந்த வருஷம் ஆட முடியாது, சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர மட்டும் வருகிறாள். எட்டுக்கு நாலு, பளபளப்பு இல்லாத மெட்டீரியல், ஐந்நூறு ரூபாய்க்குள் முடித்துத்தருவதாகச் சொன்னார் கடைக்காரர். ஸ்கிரீனில் வளைந்து வளைந்து போகும் கறுப்புக் கோட்டையும் நான்கு கலர் கட்டத்தையும் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "எல்லாம் சரி, தலைவர் போட்டோ எந்தப் பக்கம் வருது?" என்று கேட்டார்.